பெங்களூரில் தாப்பாஸ்: சின்னத் தட்டுகளை ஆற அமரச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

இந்திராநகர் 100 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், முதல் மாடியில் இருக்கிறது நான் வழக்கமாகப் போகும் கடை. மொத்தம் பன்னிரண்டு மேஜை. அல்சூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். பிறந்தநாள், சம்பள நாள், ஊரிலிருந்து யாராவது வந்தால், மனசு சரியில்லாவிட்டால், எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவோம். தாப்பாஸ் என்கிற ஸ்பெயின் நாட்டுச் சின்னத் தட்டுகளும், நம் ஊர்ச் சரக்கை வைத்து அந்தச் சமையற்காரர்கள் தாங்களே யோசித்துச் செய்யும் தட்டுகளும் அங்கே கிடைக்கும்.

ஆனால் இந்த வகைச் சாப்பாட்டை நான் முதன்முதலில் சாப்பிட்டது வேறொரு கடையில். அந்த அனுபவம் நன்றாக இல்லை. ஆறு பேர் போனோம். மெனுவைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் பதினான்கு தட்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். கால் மணி நேரத்துக்குள் எல்லாமே வந்து இறங்கின. மேஜையில் தண்ணீர் டம்ளர் வைக்கக்கூட இடமில்லை. இறால் ஆறிப்போய் எண்ணெய் மேலே ஆடை கட்டியது. மொறுமொறுவென்று இருக்க வேண்டியவை நமத்துப்போயின. பில் கட்டிவிட்டு வெளியே வந்தபோது என்ன சாப்பிட்டோம் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

தப்பு எங்கே என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டுக் கல்யாண இலையில் எல்லாமே ஒன்றாக வரும், ஆனால் இலைக்குள்ளேயே ஒரு வரிசை இருக்கிறது. சாம்பாருக்குப் பிறகு ரசம், கடைசியில் மோர். அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாப்பாஸ் மெனுவில் அந்த வரிசை கிடையாது. அதை நாம்தான் போட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையைப் போடுவது பற்றித்தான்.

முதல் படி: இது என்ன சாப்பாடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பானிஷ் மொழியில் தாப்பா என்றால் மூடி. குடிக்கும் கோப்பையின் மேல் ஈ விழாமல் ஒரு துண்டு ரொட்டியோ இறைச்சியோ வைத்து மூடிக் கொடுத்த பழக்கத்திலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. ராஜாக்களைச் சேர்த்துச் சொல்லும் கதைகளும் உண்டு. எது நிஜமோ, தாப்பாஸ் என்பது ஒரு பதார்த்தத்தின் பெயர் இல்லை, சாப்பிடும் முறையின் பெயர். ஸ்பெயினில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு. அதற்கு முன்னால் நண்பர்களோடு ஒரு கடையில் நின்றபடி ஒரு தட்டு, அடுத்த கடையில் இன்னொன்று என்று நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கிரனாடா நகரத்தில் இன்றும் பெரும்பாலான கடைகளில் ஒரு பானம் வாங்கினால் சின்னத் தட்டு ஒன்று இலவசம். வடக்கே பாஸ்க் பகுதியில் ரொட்டித் துண்டின் மேல் பதார்த்தத்தை வைத்துக் குச்சி குத்தித் தருவார்கள். சில கடைகளில் தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணித்தான் பில்லே போடுவார்கள்.

பெங்களூர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. தர்ஷினி என்கிற சின்ன ஓட்டல்களில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். ஒரு காபியை பை-டூ என்று சொல்லி இரண்டு பேர் குடிக்கிறோம். வி.வி.புரத்தில் திண்டி பீதி என்கிற தீனித் தெருவில் ஒரு கடையில் ஹோளிகே (நம் போளி), நாலு கடை தள்ளி தோசை, கடைசியில் குல்கந்து போட்ட ஐஸ்கிரீம் என்று நடந்துகொண்டே வயிறு நிறைக்கிறோம். ஸ்பெயினில் ஒரு சாயங்காலம் எப்படிப் போகும் என்று யாராவது கேட்டால், திண்டி பீதிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம். என்ன, இங்கே இருக்கும் தாப்பாஸ் கடைகளில் நாம் நகர்வதில்லை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டுகள் வருகின்றன.

இரண்டாம் படி: எத்தனை பேர், எந்த நேரம்

நாலு பேர்தான் சரியான கணக்கு. இரண்டு பேர் போனால் நாலைந்து தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும், பலதும் ருசி பார்க்க முடியாது. ஆறுக்கு மேல் போனால் ஒரு தட்டில் இருப்பது எல்லாருக்கும் எட்டாது. பெரிய கூட்டமாகப் போகவே வேண்டும் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை கேளுங்கள், ஒவ்வொரு மேஜையும் தனித்தனியாக ஆர்டர் செய்யட்டும்.

வார நாளில் ஏழு மணிக்குப் போங்கள். சனிக்கிழமை எட்டரைக்குப் போனால் சமையலறை திணறிக்கொண்டிருக்கும், உங்கள் வரிசையை யாராலும் காப்பாற்ற முடியாது. போன் செய்து இடம் சொல்லி வையுங்கள். அப்போதே மேஜை எவ்வளவு பெரியது என்று கேட்டுவிடுங்கள். வட்டமான குட்டி மேஜை வேண்டாம். நாலு பேருக்கு அதில் மூன்று தட்டுக்கு மேல் கொள்ளாது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் வந்து நடப்பது நல்லது.

மூன்றாம் படி: மெனுவைப் படிப்பது

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பத்துப் பெயர் தெரிந்தால் போதும். அதில் பாதிக்கு நம் வீட்டிலேயே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

பத்தாத்தாஸ் பிராவாஸ்: உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பொரித்து மேலே காரமான சிவப்பு சாஸ் ஊற்றியது. மட்ரிட்டில் அந்தச் சாஸில் தக்காளியே சேர்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே சிவப்புக்குக் காரணம் பிமென்தோன் என்கிற மிளகாய்த்தூள். அதில் புகை போட்டு உலர்த்திய மிளகாயில் அரைப்பதும் உண்டு. அந்தப் புகைவாசம் வந்தால் நல்ல கடை என்று அர்த்தம். உருளை, மிளகாய், தக்காளி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறியவை. ஸ்பெயினுக்கும் வந்தவைதான், போர்த்துகீசியர் வழியாக நம் கரைக்கும் வந்தவைதான். அதனால்தான் முதல் வாயிலேயே இந்தத் தட்டு நமக்குப் பிடித்துப்போகிறது.

தோர்த்தீயா: உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட கனத்த அடை, பெரும்பாலும் வெங்காயமும் இருக்கும். மெக்சிகோவின் ரொட்டிக்கும் இதே பெயர் என்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுவில் கொஞ்சம் இளகி இருந்தால் அது வேகாதது இல்லை, அப்படித்தான் பலரும் விரும்புகிறார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லுங்கள்.

பொக்கெரோனெஸ்: வினிகரில் ஊறவைத்த பச்சை நெத்திலி. ஆமாம், நம் நெத்திலியின் இனம்தான். முள்ளை எடுத்து, வினிகரில் வெளுக்க ஊறவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தருவார்கள். அடுப்பில் ஏற்றாத மீனா என்று என் அக்கா தயங்கினாள். ஒன்று சாப்பிட்டவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உப்பில் மாதக்கணக்கில் ஊறிய பழுப்பு நிற நெத்திலி வேறு, அது அசாத்திய உப்பு. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

பத்ரோன் மிளகாய்: சின்னப் பச்சை மிளகாயை முழுசாக எண்ணெயில் வதக்கி மேலே கல்லுப்பு தூவியது. பெரும்பாலானவை காரமே இருக்காது, திடீரென்று ஒன்று உறைக்கும். இங்கே அந்த ரகம் எப்போதும் கிடைக்காததால் பல கடைகளில் காரமில்லாத உள்ளூர் மிளகாயைப் போடுகிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கிறது.

பான் கோன் தொமாத்தே: சுட்ட ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்டது. குரோக்கேத்தாஸ்: கெட்டியான பால் சாஸில் கோழியோ காளானோ கலந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை. அல்போந்திகாஸ் என்பது கறிக்கோலா உருண்டை மாதிரி, குழம்போடு வரும். எந்தக் கறி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹமோன், சொரீசோ இரண்டும் பன்றி இறைச்சி. மான்செகோ என்பது செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸ்.

நான்காம் படி: மூன்று சுற்றாக ஆர்டர் செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மொத்தக் கணக்கு: ஆள் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டுங்கள். நாலு பேருக்குப் பத்துத் தட்டு. அந்தப் பத்தையும் முதலிலேயே மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாய்விட்டுச் சொல்வது நாலு மட்டும்தான். எங்களுக்குப் பரிமாறுகிற தம்பி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். முதல் நாளே அவர் சொன்னது: "அக்கா, மொதல்ல நாலு சொல்லுங்க. மெனுவ மேஜையிலயே வெச்சுக்கோங்க. நீங்க சாப்பிடுற வேகத்தப் பாத்து நானே வந்து அடுத்தது கேக்குறேன்." அன்றிலிருந்து நான் அதைத்தான் செய்கிறேன். மெனுவைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் சுற்று: குளிர்ந்தவை, புளிப்பானவை, உப்பானவை. ஆலிவ், நெத்திலி, தக்காளி ரொட்டி, ஏதாவது ஒரு பச்சைக் காய்த் தட்டு. இவை சீக்கிரம் வரும், பசியை ஆற்றாமல் கிளறிவிடும். இலையின் ஓரத்தில் முதலில் வைக்கும் ஊறுகாயும் பச்சடியும் செய்யும் வேலை இதுதான்.

இரண்டாம் சுற்று: சூடானவை, பொரித்தவை. இங்கே ஒரு எச்சரிக்கை. பொரித்த தட்டுகளை இரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள். பிராவாஸும் குரோக்கேத்தாஸும் கணவாய் வறுவலும் சேர்ந்து வந்தால் மூன்றில் ஒன்று கட்டாயம் ஆறிப்போகும். பொரித்தது ஒன்று, எண்ணெயில் வெந்தது ஒன்று, தணலில் சுட்டது ஒன்று என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்.

இந்தச் சுற்றில் நான் விடவே மாட்டாத தட்டு பூண்டு இறால், காம்பாஸ் அல் அஹீயோ. ஒரு கை அகல மண்சட்டியில் ஆலிவ் எண்ணெய், மெல்லிசாகச் சீவிய பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், எட்டு இறால். சட்டி மேஜைக்கு வரும்போது எண்ணெய் ஓரங்களில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். கை வைக்காதீர்கள். பூண்டுச் சீவல்களைப் பாருங்கள். விளிம்பு மட்டும் பொன்னிறமாகவும் நடு வெள்ளையாகவும் இருந்தால் பதம் சரி. முழுக்கப் பழுப்பாகிவிட்டால் எண்ணெய் கசக்கும், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். இறால் அரைவட்டமாக வளைந்திருக்க வேண்டும். இறுகிச் சுருண்டு வளையமாகிவிட்டால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. முதலில் இறாலைச் சாப்பிட்டுவிடுங்கள், அது சட்டிச் சூட்டிலேயே மேலும் வெந்துகொண்டிருக்கும். அப்புறம் இருக்கிறது முக்கியமான கட்டம். ரொட்டியைப் பிய்த்து அந்த எண்ணெயில் தோய்க்க வேண்டும். வீட்டில் மீன்குழம்பு காலியான சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி உருட்டித் தருவார்களே, அந்த ருசி. சட்டி வழிக்கும்போது ரொட்டி இல்லாமல் போகக் கூடாது. இறால் சொல்லும்போதே ஒரு தட்டு ரொட்டி கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் சுற்று இரண்டு தட்டு போதும். வயிறு நிறைக்கும் ஒன்று, இனிப்பு ஒன்று. சோறு இல்லாமல் எழுந்தால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காக பயேயா இருக்கிறது. குங்குமப்பூ போட்டு அகலத் தட்டில் வேகவைத்த வலென்சியாச் சோறு. புதிதாகச் செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இதை மட்டும் இரண்டாம் சுற்றோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். அடியில் பிடித்த மொறுமொறுப் பகுதிதான் இதில் விசேஷம், அதைச் சுரண்டி எல்லாருக்கும் பங்கு வையுங்கள்.

ஒவ்வொரு தட்டையும் சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எத்தனை வரும்? நாலு பேர் மேஜைக்கு மூன்று குரோக்கேத்தாஸ் வந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒன்று கூட்டித் தர முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், அதற்குரிய காசை வாங்கிக்கொள்வார்கள்.

குடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய்க்கும் உப்புக்கும் எதிரே புளிப்பாக, ஜில்லென்று ஏதாவது இருக்க வேண்டும். எலுமிச்சை சோடா போதும். ஒயின் குடிப்பவர்களுக்கு நந்தி மலைப் பக்கத்துத் திராட்சையில் செய்தது இங்கே நன்றாகவே கிடைக்கிறது.

ஐந்தாம் படி: சைவம் சாப்பிடுபவர் உடன் இருந்தால்

என் மாமியார் சைவம். அவரை அழைத்துப்போன பிறகுதான் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும் போதாது.

பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒன்றா, தனியா? அயோலி என்கிற பூண்டு சாஸில் பெரும்பாலும் முட்டை உண்டு, பிராவாஸ் மேலேயே அது வரும். மான்செகோ மாதிரிச் சீஸ்களைப் பழைய முறையில் உறையவைக்கும்போது கன்றின், ஆட்டின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருளைச் சேர்ப்பார்கள், அதனால் கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். காய் சாலட்டிலும் ஆலிவுக்குள்ளும் நெத்திலி ஒளிந்திருக்கலாம். பயேயாவில் காய் மட்டும் தெரிந்தாலும் வேகவைத்தது மீன் தண்ணீரிலா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். நல்ல கடையில் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்வார்கள்.

சைவத் தட்டுகளை மேஜையின் ஒரு பக்கமாக, அவர் கைக்கு எட்டும்படி வையுங்கள். அவர் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மற்றவர்கள் எடுக்கட்டும்.

ஆறாம் படி: எச்சில் படாமல் பங்கு போடுவது

ஸ்பெயினில் எல்லார் கரண்டியும் ஒரே தட்டுக்குள் போகும். நம்மில் பலருக்கு அது ஒப்பாது, ஒப்ப வேண்டிய அவசியமும் இல்லை. உட்கார்ந்தவுடனேயே ஆளுக்கு ஒரு தட்டும், வரும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பரிமாறும் கரண்டியும் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ச் சட்டியில் ரொட்டி தோய்ப்பதற்கு மட்டும் வேறு வழி: எண்ணெயை ஆளுக்கு ஒரு கரண்டி தன் தட்டில் ஊற்றிக்கொள்ளலாம். கடித்த ரொட்டி சட்டிக்குள் போகாது.

கடைசித் துண்டு ஒன்று தட்டில் அநாதையாகக் கிடக்கும், ஆளாளுக்கு நீ எடு நீ எடு என்பார்கள். எங்கள் மேஜையில் யார் அந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தார்களோ அவர்களுக்குத்தான் கடைசித் துண்டு. இந்த ஏற்பாடு வந்ததிலிருந்து எல்லாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஏழாம் படி: புதுமைத் தட்டை நம்பிச் சாப்பிடுவது

எல்லாச் சுற்றிலும் தெரிந்ததையே சொல்லாதீர்கள். பத்தில் இரண்டு தட்டாவது அந்தச் சமையற்காரர் தானாக யோசித்ததாக இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்வி, "இந்த வாரம் புதுசா என்ன?" என்பது மட்டும்தான்.

இந்தப் புதுமைக்கு ஸ்பெயினிலேயே பெரிய வரலாறு உண்டு. கட்டலோனியாவில் ரோசஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சமையற்காரர் ஃபெரான் அட்ரியா நடத்திய எல் புல்லி உணவகம் 2011-இல் மூடப்பட்டது. அங்கே 2005-இல் செய்த ஒரு ஆலிவ் பிரபலம். பார்க்க ஆலிவ், வாயில் போட்டால் தோல் வெடித்து உள்ளே முழுக்க ஆலிவ் சாறு. கால்சியம் சேர்த்த சாற்றை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கரைத்த தண்ணீரில் துளியாக விட்டால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய ஜவ்வு கட்டும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

எங்கள் கடையில் அதே வித்தையை மோரில் செய்கிறார்கள். தயிரில் கால்சியம் இயல்பாகவே இருப்பதால் ஜவ்வு தானாகக் கட்டிக்கொள்கிறது. இஞ்சியும் பெருங்காயமும் போட்ட கெட்டி மோர், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குமிழாக, பீங்கான் கரண்டியில் தளும்பிக்கொண்டு வருகிறது. மேலே பொரித்த கறிவேப்பிலை ஒன்று, மாவடுத் துணுக்கு ஒன்று. கடிக்கக் கூடாது, அப்படியே வாயில் போட்டு நாக்கால் மேலண்ணத்தில் அழுத்த வேண்டும். சட்டென்று உடைந்து வாய் முழுக்க மோர். என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "இது எங்கம்மா வீட்டு மோர்" என்றார். அவருக்காக இன்னொரு தட்டு சொன்னோம்.

மார்கழி, தை மாதங்களில் போனால் பிதுக்குப்பருப்பு ரொட்டியை விடாதீர்கள். பெங்களூரே அவரேக்காய் (நம் பச்சை மொச்சை) வாசத்தில் மிதக்கும் சமயம் அது. ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பைப் பூண்டோடு வேகவைத்து, பாதி மசித்து, பாதி முழுசாக விட்டு, தக்காளி தேய்த்த ரொட்டி மேல் வைத்துத் தருகிறார்கள். வேலூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் வீட்டுப் பிதுக்குப்பருப்புக் குழம்பை ரொட்டியில் ஏற்றியது போலிருக்கும். பிப்ரவரி நடுவில் மெனுவிலிருந்து போய்விடும்.

பிடிக்காத தட்டும் வரும். ஒருமுறை பீட்ரூட்டில் ஒரு நுரை வந்தது, எங்களில் யாருக்கும் ஒட்டவில்லை. தம்பியிடம் அதை நேராகச் சொன்னோம். சமையற்காரர் வெளியே வந்து என்ன குறை என்று கேட்டுப் போனார்.

எட்டாம் படி: பில்

சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் அது தனி வரிசையில் இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் கட்டாயம் இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வரிசையைக் காப்பாற்றித் தந்தது அவர்தான். தட்டுகளைச் சேர்ந்து சாப்பிட்டிருப்பதால் பில்லைச் சமமாகப் பிரிப்பதே நியாயம், மது மட்டும் குடித்தவர் கணக்கில்.

எழுந்திருக்கும் முன் மண்சட்டியைப் பாருங்கள். பூண்டு எண்ணெய் மிச்சமிருந்தால் ஒரு சின்ன டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் தோசை வார்க்கும்போது நல்லெண்ணெய்க்குப் பதில் அதைச் சுற்றிலும் ஒரு ஸ்பூன் விடுங்கள். தோசை ஓரம் சிவக்கும்போது வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போகும்.